நூல் சுற்றிய கை எழுதிய நூல்

ஆடைக்கு ஆவதும் நூல். அறிவுக்கு ஆவதும் நூல். நம் மொழி இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கிறது. ஏட்டுக்கு இப்பெயர் ஏன் வந்தது என்பதற்கு நன்னூல் ஓர் உவமை தருகிறது. சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, புலவனே நூற்கும் பெண், அவன் வாயே அவள் கை, அவன் மதியே கதிர். அழகான உவமை!

உவமையிலே புலவன் நூற்கும் பெண்ணாவது எளிது. ஆனால், ஆலையிலே நூலோடு மல்லாடும் பெண் புலவராவது எளிதா? ஆகிவிட்டால், உலகம் அவரைப் புலவர் என்று ஒப்புக்கொள்ளுமா? ஒப்புக்கொண்டாலும், ஐம்பது ஆண்டு கழித்து அவர் பெயரை நினைவில் வைத்திருக்குமா?

இந்த மூன்று கேள்விகளுக்கும் விடையாக அமைந்த வாழ்வு ஒன்று உண்டு. இங்கிலாந்து நாட்டின் லங்காஷயர் பகுதியிலே, பருத்தி ஆலைகளின் புகைக்கு நடுவே மலர்ந்த வாழ்வு அது. எத்தல் கார்னி ஹோல்ட்ஸ்வொர்த் என்பது அவர் பெயர். 1886 சனவரி முதல் நாள், ஆஸ்வால்ட்விசில் என்னும் ஊரில், நெசவாளர் குடும்பத்திலே பிறந்தார். அருகிலுள்ள கிரேட் ஹார்வுட் என்னும் ஆலை நகரில் வளர்ந்தார். பதினோராம் வயதில் ஆலைக்குள் நுழைந்தார். பதின்மூன்றில் முழுநேரத் தொழிலாளியானார். 1907-இல் முதற் கவிதைத் தொகுதி. 1913-இல் முதற் புதினம். தொழிலாளர் வகுப்பிலே தோன்றிப் புதினம் எழுதி அச்சேற்றிய பெண்களில், பிரிட்டனில் இவரே முதல்வராகலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

பத்துக்குக் குறையாத புதினங்கள், மூன்று கவிதைத் தொகுதிகள், ஏடுகளில் எழுதிய கட்டுரைகள், சிறுவர்க்கான கதைகள் என்று அவர் குவித்தது சிறிதன்று. ஒரு புதினம் திரைப்படமாகவும் ஆயிற்று. எனினும் 1962-இல் மான்செஸ்டரில் அவர் கண்மூடியபோது, அவர் பெயரை அறிந்த வாசகர் அரியர். அரை நூற்றாண்டு கழித்து, 2011-இலேதான் அவருடைய புதினம் ஒன்று மீண்டும் அச்சேறியது. அதன்பின் வேறு சிலவும் வந்துள்ளன. அந்த மறுபதிப்புகளைக் கையிலே எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இவர் எப்படி மறைந்தார்? எப்படி மீண்டார்? மீண்டு வந்த நூல்கள் படிக்கத் தக்கவைதாமா?

* * *

முதலில் அந்த ஆலையைக் காண்போம். அந்நாளில் இங்கிலாந்திலே 'அரை நேரம்' என்றொரு முறை இருந்தது. குழந்தை அரை நாள் ஆலையிலே, அரை நாள் பள்ளியிலே! ஒரு வாரம் காலையில் தறிக்கூடம், பிற்பகலில் வகுப்பறை, மறுவாரம் மாறிவரும். பொழுது புலரும் முன்பே எழுந்து, ஆறு மணிக்கு இயந்திரத்தின் எதிரே நின்ற சிறுமி, பிற்பகலில் பாடப் புத்தகத்தின்மீது தலைசாய்த்துத் தூங்காமல் என்ன செய்வாள்? 1893-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குக் குறைந்த வயதைப் பதினொன்று என்று வைத்தது. 1899-ஆம் ஆண்டுச் சட்டம் பன்னிரண்டாக உயர்த்தியது. 1918-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே இம்முறைக்கு முடிவு கட்டியது. எத்தல் கார்னி நுழைந்தது பதினோராம் வயதில். சட்டம் கதவைத் திறந்துவிட்ட அதே வயதில்! பாவு நூலின் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டும் வேலையிலே தொடங்கி, பிறகு நூல் சுற்றும் வேலைக்கு வந்தார்.

இந்தக் கொடுமையிலே நமக்கும் ஒரு நூலிழைத் தொடர்பு உண்டு. 1913-இல் பிரிட்டன் ஏற்றுமதி செய்த பருத்தித் துணி ஏறத்தாழ 700 கோடி கெசம். அதற்கு மிகப் பெரிய சந்தை இந்தியா. கிரேட் ஹார்வுட்டை அடுத்த பிளாக்பர்ன் வட்டாரத்துத் தறிகள் இந்தியச் சந்தைக்கென்றே வேட்டிகளை நெய்து தள்ளின. அங்கே சிறுமியின் படிப்பு பறிபோயிற்று; இங்கே கைத்தறியாளரின் பிழைப்பு பறிபோயிற்று. இரு முனையிலும் இழந்தவர் உழைப்பவர். நடுவிலே நின்று இலாபத்தை அள்ளியவர் வேறு.

அந்த ஆலையின் இரைச்சலிலேதான் கவிதை பிறந்தது. உள்ளூர் ஏடான 'பிளாக்பர்ன் டைம்ஸ்' அவருடைய பாக்களை வெளியிட்டது. 1907-இல் 'ஆலையிலிருந்து பாக்கள்' என்ற பொருள்படும் பெயரோடு சிறு தொகுதி வந்தது. மறு ஆண்டே விரிவாக்கி மீண்டும் அச்சிடப்பட்டது. அதைக் கண்ட ராபர்ட் பிளாட்ச்போர்டு, அந்நாளில் சமதர்மக் கருத்துகளைப் பெரும் எண்ணிக்கையான மக்களிடம் கொண்டு சென்ற 'கிளாரியன்' ஏட்டின் ஆசிரியர், 1908-ஆம் ஆண்டுக் கோடையில் கவிஞரை நேரில் கண்டு உரையாடிக் கட்டுரை எழுதினார். அக்கட்டுரைக்கு அவர் இட்ட தலைப்பு என்ன தெரியுமா? 'லங்காஷயர் தேவதை'!

தோழர்களே, இந்தத் தலைப்பைச் சற்று நின்று நோக்க வேண்டும். எழுதியவர் பகைவர் அல்லர், நண்பர். முதலாளியின் கையாள் அல்லர், சமதர்மம் பேசியவர். நல்லெண்ணத்தோடுதான் எழுதினார். ஆனால் தேவதைக்குப் பசி உண்டா? தேவதை கூலி உயர்வு கேட்குமா? சங்கம் சேர்க்குமா? தறிக்கூடத்திலே கால்கடுக்க நிற்கும் பெண்ணிடம் அறிவாற்றலைக் கண்டதும், 'இது தொழிலாளியின் அறிவு' என்று சொல்ல அந்த நண்பருக்கே நா எழவில்லை. எங்கிருந்தோ வானுலகிலிருந்து வந்திறங்கிய அற்புதம் என்றுதான் சொல்ல வந்தது. அற்புதம் என்று சொன்ன மறுகணமே, காரணம் கேட்கும் கடமை தீர்ந்துவிடுகிறது. ஒரு சிறுமிக்கு இத்தனை ஆற்றல் இருந்தால், அதே ஆலையிலுள்ள மற்றச் சிறுமியர்க்கும் ஏன் இருக்கக் கூடாது, அவர்கள் ஆற்றலை அழித்தது எது என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது. வணங்குவதுபோல் வாயடைப்பது இது!

பிளாட்ச்போர்டு அவரை இலண்டனுக்கு அழைத்துப் பெண் தொழிலாளர்க்கான ஏட்டிலே வேலை கொடுத்தார். 1909 சூலை முதல் டிசம்பர் வரை அவ்வேட்டின் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார் எத்தல் கார்னி. ஆறே திங்கள். பிறகு நீக்கப்பட்டார். தேவதையாகப் பாடும்வரை மேடை இருந்தது. ஆசிரியராக அமர்ந்த நாற்காலி அரை ஆண்டுக்கு மேல் நிலைக்கவில்லை.

* * *

மறதி வானத்திலிருந்து விழுவதில்லை. அது செய்யப்படுகிறது. செய்பவர்கள் எல்லோரும் சதிகாரர்கள் அல்லர். பழக்கமும் சோம்பலும் வகுப்புணர்வும் சேர்ந்தே அந்த வேலையைச் செய்து முடிக்கின்றன. எத்தல் கார்னியைப் பொறுத்தவரை அந்த வேலை நான்கு வழிகளில் நடந்தது.

முதல் வழி, பெயர். பாக்களை வெளியிட்டபோது அவர் எத்தல் கார்னி. 1915-இல் ஆல்பிரெட் ஹோல்ட்ஸ்வொர்த்தை மணந்த பின் எத்தல் ஹோல்ட்ஸ்வொர்த், எத்தல் கார்னி ஹோல்ட்ஸ்வொர்த் என்று பெயர் மாறி மாறி வந்தது. 1917-இல் வெளிவந்து பெரும் விற்பனை கண்ட 'ஹெலன் ஆஃப் போர் கேட்ஸ்' என்ற புதினத்திலோ, ஆசிரியர் பெயருக்குப் பதிலாக 'முன்னாள் ஆலைப் பெண் ஒருத்தி' என்று போட்டார்கள்! பெயர் இல்லை, பட்டம் உண்டு. நூலக அட்டவணையிலே ஆணின் பெயர் ஒன்றாகவே வாழ்கிறது. பெண்ணின் பெயர் திருமணத்தால் பிளந்து, விளம்பரத்தால் அழிந்து, மூன்று அட்டைகளாகச் சிதறுகிறது. தேடுபவர் ஒன்றைக் கண்டால் மற்றிரண்டைக் காணார்.

இரண்டாம் வழி, பதிப்பகம். அப்புதினத்தை வெளியிட்ட ஹெர்பர்ட் ஜென்கின்ஸ், பொதுமக்கள் பொழுதுபோக்காகப் படிக்கும் கதைகளை அச்சிட்ட நிறுவனம். அந்த அட்டைக்குள் வந்ததைத் திறந்து பார்க்கவே இலக்கியத் திறனாய்வாளர் கூசினர். 'ஹெலன்' கதையைச் செசில் ஹெப்வொர்த் 1920-இல் திரைப்படமாக்கினார். அதுவும் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டு, 2007-இல் கனடா நாட்டு மான்ட்ரியலில் படச்சுருள் கிடைத்தது. 2010-இல்தான் கதை நிகழ்ந்த மேட்டுநிலப் பகுதியான ஹெப்டன் பிரிட்ஜில் அதைத் திரையிட்டார்கள். எழுத்தும் மறைந்தது, அதன் நிழற்படமும் மறைந்தது!

மூன்றாம் வழி, கட்சி. முதல் உலகப் போரின்போது கட்டாய இராணுவச் சேர்ப்பை எதிர்த்து நின்றவர் அவர். எதிர்த்தவரின் கணவரையே இராணுவம் இழுத்துச் சென்றது. முசோலினி ஆட்சிக்கு வந்த 1922-ஐ அடுத்து, கணவரோடு சேர்ந்து 'கிளியர் லைட்' என்ற பாசிச எதிர்ப்பு ஏட்டை 1923-லேயே தொடங்கி நடத்தினார். பெரிய மனிதர் பலர் முசோலினியைப் பாராட்டிக்கொண்டிருந்த காலம் அது! அதே கையால், சோவியத் நாட்டுச் சிறைகளில் அடைக்கப்பட்ட அராசகவாதிகளுக்காகவும் 'ஃப்ரீடம்' ஏட்டிலே கவிதை எழுதினார். வலதுசாரிகள் அவரை ஏற்க வழியில்லை. நிதானம் பேசிய தொழிற்கட்சியினர்க்கு அவர் வேகம் பிடிக்கவில்லை. மாஸ்கோவை நோக்கியவர்க்கோ அவர் கேள்வி பிடிக்கவில்லை. ஒரு முகாமிலும் முழுதாகச் சேராதவரைத் தூக்கிப் பிடிக்க ஒரு முகாமும் இல்லை. கொடியின் கீழ் அடங்காத எழுத்தாளரைக் கொடிகள் நினைவு வைத்துக்கொள்வதில்லை.

நான்காம் வழி, வாழ்க்கை. இரண்டு பெண்மக்கள், பிரிந்துபோன இல்லறம், பிழைப்புக்காக எழுதிய எழுத்து. 1930-களின் நடுப்பகுதிக்குப் பிறகு அவர் எழுத்து ஏறக்குறைய நின்றுவிட்டது. எஞ்சிய கால் நூற்றாண்டு மௌனம். ஓய்வூதியமும் நிலபுலமும் உள்ள எழுத்தாளர் மௌனமானால் 'தவம்' என்பார்கள். உழைக்கும் பெண் மௌனமானால் 'தீர்ந்தது' என்று கணக்கை முடித்துவிடுவார்கள்.

* * *

இனி, மீட்பின் கதை. இதைச் சொல்லும்போது மகிழ்ச்சியோடு ஒரு கசப்பும் கலக்கிறது.

தொழிலாளர் எழுதியவை எல்லாமே மறைந்தன என்று சொல்வதற்கில்லை. வீடுகளுக்கு வண்ணம் பூசிய தொழிலாளி ராபர்ட் டிரெசல் எழுதி, அவர் இறந்த பின் 1914-இல் சுருக்கமாக வெளிவந்த 'கந்தல் காற்சட்டைக் கொடையாளர்கள்' என்ற புதினம், தொழிற்சங்கத்தார் கையிலிருந்து கைக்கு மாறி உயிர் வாழ்ந்தது. 1955-இல் முழு வடிவத்தில் அச்சேறியது. சங்க மண்டபத்திலே அதைக் கைமாற்றியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அதே மண்டபத்திலே எத்தல் கார்னியின் புதினங்களைக் கைமாற்ற எவரும் இல்லை.

பெண்கள் எழுதியவற்றை மீட்கும் இயக்கமும் பின்னர் எழுந்தது. 1973-இல் தோன்றிய விராகோ பதிப்பகம், 1978-இல் தன் 'நவீன இலக்கிய' வரிசையைத் தொடங்கி, மறக்கப்பட்ட பெண் புதின ஆசிரியர்கள் பலரை மீண்டும் மக்கள் முன் நிறுத்தியது. 1999-இல் பெர்செபனி பதிப்பகம் அதே பணியில் இறங்கியது. போற்றத்தக்க பணி, ஐயமில்லை. ஆனால் அவ்வரிசைகளிலே மீண்டவர்கள் பெரும்பாலும் யார்? வரவேற்பறை உள்ள வீட்டுப் பெண்கள். வேலைக்காரி தேநீர் கொண்டுவந்து வைக்க, மேசையிலே அமர்ந்து எழுதியவர்கள். அந்தத் தேநீரைக் கொண்டுவந்தவளின் கதையை எழுதியவர் எத்தல் கார்னி. அவரோ வெளியே நின்றார்.

உழைக்கும் பெண்களின் எழுத்தை விராகோ தொடவே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். கூட்டுறவுப் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த தொழிலாளப் பெண்கள் தங்கள் பிள்ளைப்பேற்றுத் துயரைச் சொல்லி எழுதிய கடிதங்கள், தங்கள் வாழ்வைச் சொல்லி எழுதிய நினைவுகள் ஆகிய இரு நூல்களை 1977-இலும் 1978-இலும் அது மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. இரண்டாவதாகச் சொன்ன நூல் முதன்முதல் 1931-இல் வந்தபோது அதற்கு முன்னுரைக் கடிதம் எழுதியவர் வர்ஜீனியா உல்ஃப். ஆகவே வேறுபாடு நுட்பமானது. அதனால்தான் கூர்ந்து நோக்க வேண்டும். உழைக்கும் பெண் கடிதம் எழுதினால் ஏற்றார்கள்; அது சான்று. நினைவுக்குறிப்பு எழுதினால் ஏற்றார்கள், அது ஆவணம். புதினம் எழுதியபோதோ, கற்பனையைக் கையாண்டபோதோ, ஏற்க நெடுங்காலம் ஆயிற்று. 'நீ பட்டதைச் சொல். படைக்கும் வேலை எங்களுடையது' என்பதுதானே இதன் பொருள்?

இந்த நிலையை முதலில் உடைத்தவர்களிலே ஒரு தம்பதியைக் குறிப்பிட வேண்டும். எட்மண்ட் ஃப்ரோ, பொறித் தொழிலாளி. ரூத் ஃப்ரோ, பள்ளி ஆசிரியை. பழைய புத்தகக் கடைகளில் அலைந்து, தொழிலாளர் இயக்க நூல்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்துத் தங்கள் வீட்டையே நூலகமாக்கியவர்கள். அந்தத் தொகுப்பே இன்று சால்ஃபோர்டு நகரிலே தொழிலாளர் இயக்க நூலகமாக நிற்கிறது. எத்தல் கார்னியைப் பற்றி ஃப்ரோ தம்பதியர் எழுதிய கட்டுரை 1987-இல் வெளிவந்தது. பல்கலைக்கழக ஆய்வாளர் சிலரும் பிறகு அவ்வழியே வந்தனர். 2011-இல் நாட்டிங்காம் டிரென்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டிரென்ட் பதிப்பு 'இந்த அடிமைத்தனம்' என்ற பெயருடைய அவரது புதினத்தை வெளியிட்டது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கென்னடி அண்டு பாய்டு பதிப்பகம் 2013-இல் முதற் புதினமான 'மிஸ் நோபடி'யையும், 2019-இல் 'ஜெனரல் பெலிண்டா'வையும், அதே வரிசையில் 'ஹெலன்' கதையையும் கொண்டுவந்தது. பணம் குவிக்கும் பெரிய நிறுவனம் எதுவும் இந்த வேலையைத் தொடங்கவில்லை; சிறிய கைகள்தாம் தொடங்கின.

* * *

மறைந்ததும் மீண்டதும் இருக்கட்டும், நூல்கள் எப்படி? இரக்கத்துக்காக ஒரு நூலைப் பாராட்டுவது, அந்த நூலைப் படைத்தவரை இரண்டாம் முறை அவமதிப்பதாகும். எனவே எடைபோட்டே பார்ப்போம்.

'மிஸ் நோபடி' என்றால் 'பேர் ஊர் இல்லாதவள்' என்று கொள்ளலாம். மான்செஸ்டரின் ஏழைத் தெருவொன்றிலே சிப்பிக் கறி விற்கும் சிறு கடை நடத்தும் பெண், ஒரு குடியானவனை மணந்து நாட்டுப்புறம் போகிறாள். பசும்புல்லும் பண்ணைவீடும் விடுதலை என்று நகரத்தார் எண்ணுவர். எத்தல் கார்னி அந்தப் பொய்யைக் கீறிக் காட்டுகிறார். தெருவிலே அவளுக்கு ஏழ்மை இருந்தது. ஆனால் தன் கடை, தன் காசு, தன் அக்கம்பக்கம் என்பவையும் இருந்தன. பண்ணையிலே சோறு இருந்தது, அவள்தான் இல்லை! மணவாழ்க்கை என்பது பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று பேசுவோர் கணக்கிலே சேர்க்க மறக்கும் தொகையை இந்த நூல் கூட்டிக் காட்டுகிறது.

'ஹெலன் ஆஃப் போர் கேட்ஸ்' காற்றுச் சுழலும் மேட்டுநிலத்துக் கதை. ஹெலனின் தாய்மீது கொண்ட வஞ்சத்தை மகள்மீது தீர்த்துக்கொள்ளத் துடிக்கும் ஒருவன் அவளை வளர்க்கிறான். அவளை அடக்க அவன் எடுக்கும் ஆயுதம் சாட்டை மட்டுமன்று. அவள் குருதியிலே பரம்பரைப் பைத்தியம் ஓடுகிறது என்ற பொய். அந்தப் பொய்யை நம்பி அவள் காதல் சிதைகிறது. கொடியவன் ஒருவனுக்கு மனைவியாகிறாள். பிறப்பின் பெயரால், இரத்தத்தின் பெயரால் மனிதரைக் கட்டிப்போடும் பொய் எந்த நாட்டுக்கும் புதிதன்று. அதைச் சொல்லக் கேட்டே வளர்ந்த நமக்கு இந்தக் கதையின் கூர்மை எளிதிலே விளங்கும். சங்கிலி இரும்பில் இல்லை, நம்பிக்கையில் இருக்கிறது என்பதைப் போதனையாகச் சொல்லாமல் நிகழ்ச்சியாகச் செய்து காட்டியதே இப்புதினத்தின் வெற்றி. ஆனால் குறையும் உண்டு: வில்லன் மிகையாகக் கறுத்திருக்கிறான். வஞ்சத்துக்கு அப்பால் அவனிடம் மனிதன் என்று ஒருவன் இருந்தானா என்று தேடினால் கிடைப்பது சிறிது.

1924-இல் வந்த 'ஜெனரல் பெலிண்டா' என் கருத்தில் இவற்றுள் மிகத் தேர்ந்த நூல். தலைப்பிலே ஒரு குறும்பு இருக்கிறது. ஜெனரல் என்றால் படைத்தலைவர். ஆனால் அந்நாட்டு வழக்கிலே, சமையல் முதல் தரை துடைத்தல்வரை ஒருத்தியே எல்லா வேலையும் செய்யும் வேலைக்காரிக்கும் 'ஜெனரல்' என்றுதான் பெயர். பெலிண்டா வீடு வீடாக மாறி வேலை செய்கிறாள். ஒவ்வொரு வீடும் ஓர் உலகம். கதவுக்கு வெளியே கண்ணியம், கதவுக்கு உள்ளே என்ன என்பதை அறிந்தவள் வேலைக்காரிதானே! எசமானர்கள் அவளை எடைபோடுவதாக எண்ணுகிறார்கள். அவளோ தரையைத் துடைத்துக்கொண்டே அவர்களை எடைபோட்டு முடித்துவிடுகிறாள். முழக்கம் இல்லை, நகைப்பு உண்டு. சிரித்துக்கொண்டே திரையைக் கிழிக்கும் கலை இங்கே முழுமை அடைகிறது.

1925-இல் வந்த 'இந்த அடிமைத்தனம்' அவருடைய பெரும் புதினம். ஆலை தீப்பற்றி எரிகிறது. தாய், பாட்டி, இரு சகோதரிகள் என்று பெண்களே நிறைந்த ஒரு வீட்டின் அடுப்பு அணைகிறது. ரேச்சல், ஹெஸ்டர் என்ற அந்தச் சகோதரிகள் இருவரும் இரு வழியில் போகிறார்கள். ரேச்சல் மார்க்ஸின் 'மூலதனம்' படிக்கிறாள், போராட்டத்தில் இறங்குகிறாள். வயலின் இசையிலே உள்ளத்தைப் பறிகொடுத்த ஹெஸ்டர், ஆலை முதலாளியை மணக்கிறாள். தன் வகுப்புக்குத் துரோகம் செய்தாள் என்று அவளை வெறுத்துவிட்டுப் போவது எளிது. ஆசிரியர் அப்படிச் செய்யவில்லை. பசிக்கும் பெண்ணுக்கு முன்னே ஆலையும் மணமேடையும் என இரண்டே கதவுகள் திறந்திருக்கும்போது, இரண்டுமே கூலிக்கு உடலை ஒப்படைக்கும் இடங்கள் ஆகிவிடவில்லையா என்று கேட்கிறார். நூலின் தலைப்பிலுள்ள அடிமைத்தனம் ஆலையோடு நிற்பதில்லை, வீட்டுக்குள்ளும் வருகிறது. கதவடைப்பும் வேலைநிறுத்தமும் மூண்டு, படைவீரர் துப்பாக்கியோடு நிற்கும் வேளையில், மாளிகைக்குப் போன சகோதரி தன் மக்களின் பக்கம் திரும்பி உயிர் துறக்கிறாள்.

குறைகளைச் சொல்லத்தான் வேண்டும். சில இடங்களில் பாத்திரங்கள் பேசவில்லை, மேடையேறிச் சொற்பொழிகிறார்கள். திடீர்த் திருப்பங்கள் கதையை உலுக்குகின்றன. ஹெஸ்டரின் சாவு கதையின் சிக்கலை அவிழ்க்கவில்லை, அறுத்துவிடுகிறது. அவள் உயிரோடிருந்து தன் மக்களின் நடுவே மீண்டும் வாழப் புகுந்திருந்தால் எழுந்திருக்கக்கூடிய கடினமான கேள்விகளை, அந்தச் சாவு கேட்காமலே விட்டுவிடுகிறது.

ஆனால் 'இது மலிவான உணர்ச்சிக் கதை, ஆகவே இலக்கியம் அன்று' என்ற பழைய தீர்ப்பை ஏற்க இயலாது. அதே 1925-இல்தான் வர்ஜீனியா உல்ஃபின் 'மிசஸ் டாலோவே' வந்தது. மனத்தின் நுண்ணிய அசைவுகளைப் பதிந்த பெருநூல் அது. அதன் பெருமையை எவரும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆலைப் பெண் உணவு இடைவேளையில் எதைப் படித்தாள்? காதலும் வஞ்சமும் நிறைந்த மலிவுக் கதைகளை. எத்தல் கார்னி அந்த வாசகியை அறிந்தவர், அவளிலே ஒருவர். அவளுக்குப் பழக்கமான கதைக்கூட்டையே எடுத்து, அதற்குள் கூலியையும் கதவடைப்பையும் 'மூலதன'த்தையும் வைத்தார். காதல் கதையின் முடிவிலே வழக்கமாகக் காத்திருக்கும் செல்வச் சீமான் இங்கேயும் வருகிறான். அவனை மணப்பதே பரிசு என்று அத்தகைய கதைகள் சொல்லும், அதுவே சிறை என்று இவர் சொன்னார். எதிரியின் கோட்டைக்குள் அதன் வாயில் வழியாகவே நுழைந்த சூழ்ச்சி அது. மெல்லிய கைவிரல்களுக்கென்று செய்த அளவுகோலைக் கொண்டு, காய்ப்பேறிய கையை அளந்தால் கணக்குத் தவறத்தான் செய்யும்.

* * *

இன்று வரும் மறுபதிப்புகளிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நீண்ட முன்னுரை, அடிக்குறிப்பு, ஆய்வுத் தொனி ஆகியவற்றோடு அவை வருகின்றன. அவையின்றி மீட்பு நடந்திராது; மறுக்கவில்லை. ஆனால் வகுப்பறைக்குள் மட்டும் மீண்ட நூல் பாதிதான் மீண்ட நூல். அன்று 'தேவதை' என்றார்கள். இன்று 'ஆவணம்' என்கிறார்கள். இரண்டு சொல்லும் ஒரே வேலையைச் செய்கின்றன: எழுத்தாளர் என்ற சொல்லைத் தவிர்த்துவிடுகின்றன!

தோழர்களே, இங்கே நம்மால் ஆவது ஒன்று உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் கழிந்தால் அவர் நூல் பொதுவுடைமை. 1962-இல் மறைந்த எத்தல் கார்னியின் நூல்கள், 2023 சனவரி முதல் நம் நாட்டிலே எவரும் மொழிபெயர்த்து வெளியிடத்தக்கவை ஆகிவிட்டன. முன்னுரையும் குறிப்பும் புதியவர்களுடையவை; அவற்றை விட்டுவிடலாம். கதை நம் கைக்கு வந்துவிட்டது. 'ஜெனரல் பெலிண்டா' தமிழிலே வருமானால், பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கும் பெண்ணும், ஆலையிலே நூல் சுற்றும் பெண்ணும், முன்னுரையின் துணையின்றியே அதைப் புரிந்துகொள்வார்கள். ஆய்வாளர் காணாத இடத்திலே சிரிக்கவும் செய்வார்கள்.

அந்த வாசகிக்காகத்தான் அவர் எழுதினார். அவளிடம் போய்ச் சேரும் நாளிலேதான் மறுபதிப்பு நிறைவு பெறும். படிப்பகம் நடத்தும் இளைஞர்களே, பத்துப் பேர் கூடி ஓர் அத்தியாயம் வீதம் தமிழாக்கத் தொடங்குங்கள். பாராட்ட வேண்டாம், இரங்க வேண்டாம், படித்து எடைபோடுங்கள். நூலைச் சுற்றிய கைக்கு, நூலைச் செய்யவும் தெரியும் என்பதை அந்த எடைக்கல்லே சொல்லும்.